மூன்றாவது தபால் பெட்டி

மெம்ஃபிஸிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, கிரனேடாவில் பிரிந்து 7ஆம் எண் சாலையைப் பிடித்தேன். வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை மிசிசிப்பி டெல்டாவின் தட்டையான வயல்கள், இடப்பக்கம் மரங்கள் மூடிய குன்றுகள். இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் அவலான். ஊர் வரும் என்று வேகத்தைக் குறைப்பதற்குள் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதுதான் சாலையோர நீலப் பலகை கண்ணில் பட்டது: மிசிசிப்பி ஜான் ஹர்ட்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடியவர். என் கிதார் பயிற்சி இவரிடம் தொடங்கி இவரிடமே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போடும். மற்ற விரல்கள் அதைச் சட்டையே செய்யாமல் மெட்டை வாசிக்க வேண்டும். கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும்; வாசிக்க உட்கார்ந்தால் மூன்று வருஷம் போய்விடும். டெல்டா புளூஸ் பாடகர்கள் பலர் தொண்டை கிழியப் பாடுகையில், இவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுவார். காதலனைச் சுட்ட ஃபிராங்கி, சம்மட்டி தூக்கிய ஜான் ஹென்றி என்று புளூஸுக்கும் முந்தைய கதைப்பாட்டுகள் அவரிடம் நிறைய உண்டு.

உள்ளூர் வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர் வில்லி நார்மர் சொல்லிவிட, 1928இல் ஓகே இசைத்தட்டு நிறுவனத்துக்காக மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் பாடினார். தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. பின்னாலேயே பொருளாதாரப் பெருமந்தமும் வந்தது. மனிதர் பேசாமல் வயலுக்குத் திரும்பிவிட்டார்.

1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய நாட்டுப்பாடல் தட்டுகளில் இவருடைய இரண்டு பாட்டுகள் இடம்பெற்றன. நகரத்து இளைஞர்கள் அவற்றைக் கேட்டுக் கேட்டு விரலை ஒடித்துக்கொண்டார்கள். ஆள் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நியூயார்க்கில் பதிவு செய்த 'அவலான் புளூஸ்' பாட்டில் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். அதையே முகவரியாக வைத்துக்கொண்டு 1963இல் வாஷிங்டனிலிருந்து டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் இங்கே வந்து, ஒரு கடையில் விசாரித்தார். மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி, அதுதான் அவர் வீடு என்று கைகாட்டினார்களாம். எஃப்பிஐ ஆள் வந்துவிட்டான் என்று முதலில் ஹர்ட் பயந்தார். அப்போது அவரிடம் சொந்தமாகக் கிதார்கூட இல்லை. அதே ஆண்டு கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் வாசித்தார்.

இதைத்தான் 'மறுபடி கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. அவர் எங்கே தொலைந்தார்? கடையில் கேட்டதும் வழி சொன்னார்களே!

அதன்பிறகு கிடைத்தது மூன்றே வருஷம். அதற்குள் காபி விடுதிகள், கல்லூரிகள், புதிய ஆல்பங்கள். 1966 நவம்பர் 2இல் கிரனேடாவில் இறந்தார்.

அருங்காட்சியகமாக இருந்த அவருடைய சின்ன வீடு 2024 பிப்ரவரியில் எரிந்துபோனது தெரிந்துதான் கிளம்பினேன். கல்லறையையாவது பார்க்கலாமென்று சரளைப் பாதையில் ஏறினால், போனில் சிக்னல் செத்துவிட்டது. எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஜானைப் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டு, காட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

கல்லின்மேல் யாரோ வைத்துப்போன சில்லறையும் கம்பியை மீட்டும் வில்லைகளான கிதார் பிக்குகள் நாலைந்தும் கிடந்தன. வெறும் விரலால் வாசித்தவருக்குப் பிக் காணிக்கை! சரி, நானும் சட்டைப்பையைத் துழாவினேன். வாடகைக் கார் சாவிதான் இருந்தது.