“வயசானா மெலியத்தான் செய்யும்” என்றார்கள்

எங்கள் மாமியின் உடம்பு இளைத்துக்கொண்டே போனதற்குக் காரணம் தெரிவதற்குள், களியக்காவிளையில் பஸ் பிடித்து கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஓபியில் இருந்த டாக்டர், “வயசானா மெலியத்தான் செய்யும்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எடைகூடப் போடவில்லை. கையில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்று காட்டினேன், யாரும் காதில் வாங்கவில்லை.

அடம்பிடித்து டயட்டீஷியனுக்குச் சீட்டு வாங்கினேன். அவர் அன்று வரமாட்டார் என்பதைக் காசு வாங்கிய பிறகுதான் கவுண்டரில் சொன்னார்கள். மறுபடி போனால், “கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே?” சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. கேட்டது நியாயம்தான், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வெறுங்கையோடு அனுப்பவேண்டாம் என்று ஒரு அச்சடித்த தாளைத் தந்தார்கள். சர்க்கரை நோயாளிக்கான தாள் அது. மாமிக்குச் சர்க்கரையே கிடையாது.

ரத்தப் பரிசோதனையை மார்த்தாண்டத்திலேயே முடித்தோம், கிரியாட்டினின் சரியாக இருந்தது.

அப்புறம்தான் ஒரு நல்ல பெண் கிடைத்தாள். சின்ன வயது டயட்டீஷியன். இஞ்ச் டேப்பை எடுத்து மாமியின் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தாள்: 29 சென்டிமீட்டர். முதியவர்களுக்கு 31-க்குக் கீழே போனால் தசை கரைகிறது என்று சந்தேகப்படவேண்டுமாம். எடை 42 கிலோ. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். காலையில் சாயா, மற்ற நேரமெல்லாம் கஞ்சியும் துவையலும். “மீனும் பயறும் பிடிக்காதா பாட்டி?” என்றதும் மாமி என்னைப் பார்த்து, “பல்செட்டு ஆடுது மக்களே, மெல்ல முடியல” என்றார். அத்தனை பேர் பார்த்தும் வாயைத் திறக்கச் சொன்னவர் ஒருவருமில்லை. பல்செட்டை அந்த வாரமே சரிசெய்தாயிற்று.

கணக்கு இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். இளைத்துப்போன முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை வேண்டும். மாமிக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது ஆகவேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6, முள் நீக்கிய சாளை 50 கிராமில் 10, ஒரு பிடி சிறுபயறில் 7. இரண்டு முட்டை, இரண்டு தம்ளர் பால், மீன், பயறு, சோறு எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். பயறைக் குழைய வேகவைத்துக் கஞ்சியிலேயே கலந்துவிடுகிறேன். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

மருந்துக்கடையில் பெரிய டப்பா புரதப் பவுடரைக் கையில் திணிப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று அதில் இருக்கும். சாப்பாட்டில் ஈடுகட்ட முடியாதபோது பவுடரைப் பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் விடாதீர்கள், தசைக்கு வேலை கொடுத்தால்தான் தின்ற புரதம் ஒட்டும்.

மாமியின் எடை மெல்ல ஏறுகிறது. மாதாமாதம் ஒரே தராசில் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். போன தடவை ஓபியில் ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் முதலில் மேசையில் வைத்தேன். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.