உட்கார்ந்தே செய்யும் வேலை

உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே, எழுதுவதில் என்ன களைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வரிக்கு வரி முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் களைப்பு.

ஒரு சின்னக் காட்சி. அப்பா இறந்த செய்தி மகனுக்குத் தொலைபேசியில் வருகிறது. அவன் அழுவானா, அப்படியே உட்கார்ந்துவிடுவானா, இல்லை முதலில் போய் அடுப்பை அணைப்பானா? அடுப்பை அணைப்பான் என்று தோன்றும் நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: முதல் அத்தியாயத்தில் இவன் பதற்றக்காரன் ஆயிற்றே, இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? அவன் குணம், வரியின் ஓசை, இனிமேல் வரப்போகும் தங்கை, படிக்கிறவருக்கு இதுவரை என்ன தெரியும் என்ற கணக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் மனசில் நிற்க வேண்டும். ஒரு சமயத்தில் மனிதக் கவனத்தில் தங்குவது ஏறக்குறைய 4 விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் எழுதினார். படித்தபோது ஆறுதலாக இருந்தது. நடுவில் யாராவது கதவைத் தட்டினால் ஏன் அவ்வளவு எரிச்சல் வருகிறது என்று புரிந்தது. அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துபோகிறது, மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

இந்த வேலையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, பாதிப் பேச்சு காதில் விழாது. அந்தச் சுமையில் ஒரு பங்கு வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொலோப், தபால் துறையில் வேலை பார்த்தபடியே வரிசையாக நாவல்கள் எழுதியவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதாக, 1883-ல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார். எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, எழுதத் தொடங்கும் முன் முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் வாசித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டார் என்பதுதான். அந்த அரை மணி நேரம் கடினமானது. நேற்றைய பரவசம் வடிந்திருக்கும், எழுதியவரே வெளியாளாக நின்று படிக்க வேண்டும். வெட்ட வேண்டியது பெரும்பாலும் நமக்கு ரொம்பப் பிடித்த பத்தியாகவே இருக்கும்.

சரி, இவ்வளவுக்கும் என்ன கிடைக்கிறது? பணமும் பேரும் வந்தால் வரட்டும். எழுத உட்காரும்வரை என் கருத்து எனக்கே தெளிவாகத் தெரிவதில்லை. மனசில் பாறை மாதிரி உறுதியாக இருந்த வாதம், தாளில் வந்ததும் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும். அப்புறம், ஆகாத ஒருவரின் சாயலில் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அவர் பக்கத்து நியாயத்தை அவர் வாயாலேயே பேச வைக்க வேண்டி வரும். அரைகுறையாகப் பேசவிட்டால் கதை பொய்யாகிவிடும், அதனால் முழுசாகத்தான் பேசவிட வேண்டும். அப்படி ஒருவரை எழுதினேன். இன்றும் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் நேரில் பார்க்கும்போது, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்க முடிகிறது.