வெள்ளைத் தட்டில் எண்ணியது

வால்பாறையில் ஓடைப் பூச்சி எண்ணும் வேலைக்குச் சேர்ந்தபோது அதை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடியவில்லை. "தண்ணிக்குள்ள பூச்சி பிடிக்கச் சம்பளமா?" என்றார் சித்தப்பா. ஆமாம், அதற்குத்தான். தண்ணீருக்குள் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்தால் ஓடை எவ்வளவு நலமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓடையில் இறங்கி வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கம் இருக்கும் கற்களைக் காலால் கிளற வேண்டும். அடித்துக்கொண்டு வருவதை வெள்ளைத் தட்டில் கொட்டி எது எத்தனை என்று எழுத வேண்டும். நடுநடுவே சாக்ஸைக் கழற்றி அட்டை பிடுங்குவது தனி வேலை.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களில் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். இன்று பெரும்பகுதி தேயிலை. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், தேயிலைக்கு நடுவே அங்கங்கே மிஞ்சிய துண்டுக்காடுகள். அதனால் காலையில் காட்டு ஓடை, மதியம் தேயிலை ஓடை என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதல் வாரமே அசடு வழிந்தேன். காட்டு ஓடைத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது, தேயிலை ஓடைத் தட்டோ நெளிந்தது. "சார், தேயிலை ஓடைதான் நல்லா இருக்கு" என்று உற்சாகமாகப் போய்ச் சொன்னேன். "எத்தனை பூச்சிங்கறத விடுங்க, எத்தனை வகை?" என்றார். உட்கார்ந்து பிரித்தால், நெளிந்ததில் முக்கால்வாசி இரண்டே கூட்டம். ஒன்று, கடிக்காத கொசு மாதிரியான ஒரு ஈயின் சிவப்புப் புழு. நம் ரத்தத்தில் இருப்பது போலவே அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் சமாளித்துவிடும். இன்னொன்று, வெயில் பட்ட கல்லில் வளரும் பாசியைத் தின்னும், மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு.

காட்டுத் தட்டில் இருந்தவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். கேடிஸ் ஃப்ளை என்ற பூச்சியின் புழு ஒன்று, மணல் துகள்களைத் தன் பட்டு நூலால் ஒட்டிக் கட்டிய குழலுக்குள் இருந்தபடி தலையை மட்டும் நீட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு நடந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் இரண்டு வால் வைத்த குஞ்சு. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டம் இல்லாவிட்டால் அது தாங்காது.

மேலே நிழல் போனால் தண்ணீர் சூடாகும், ஆக்சிஜன் குறையும். பலவகை மரங்களின் சருகு விழுவது நின்றால் அதைத் தின்று பிழைத்தவை பட்டினி. இதெல்லாம் படித்ததுதான், ஆனால் எனக்கு உறைத்தது கற்களைத் தூக்கும்போது. காட்டு ஓடையில் கல் லேசாக வந்துவிடும், அடியில் இடுக்கு இடுக்காக இருக்கும், அந்த இடுக்குகள்தான் இவற்றின் வீடு. தேயிலை ஓடையில் கல்லைப் பல் பிடுங்குவது போலப் பிடுங்க வேண்டும்; ஒவ்வொரு மழைக்கும் எஸ்டேட் ரோட்டிலிருந்தும் சரிவிலிருந்தும் இறங்கிய மண் இடுக்கெல்லாம் நிரம்பி, கல்லைச் சிமெண்ட் போலப் பிடித்திருந்தது.

தேயிலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் குடித்த டீயில்தான் அந்த வேலையே நடந்தது. கோபம் வருவது ஒன்றுக்குத்தான்: தண்ணீர் விளிம்பு வரைக்கும் செடி வைப்பது. கரையோரம் நாலைந்து வரிசையை விட்டுக்கொடுத்து மரம் வளரவிட்டால் எந்தத் தோட்டமும் திவாலாகிவிடாது.

ஒரு ஓடை தேயிலையில் கிளம்பி, கீழே ஒரு துண்டுக்காட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. காட்டுக்கு மேலே எடுத்த தட்டில் வழக்கம்போலச் சிவப்புப் புழு. சரி, வந்ததற்குக் கீழேயும் ஒன்று எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். தட்டின் ஓரத்தில் இரண்டு வாலோடு ஒன்று ஊர்ந்தது, அப்புறம் இன்னொன்று. மறுபடி எண்ணினேன். மூன்று. தாளில் 3 என்று எழுதிவிட்டுத் தட்டை ஓடையிலேயே கவிழ்த்தேன்.