கம்ப்யூட்டரில் ஒரு முகம், கைபேசியில் ஒரு முகம்: போலி வரித் தளத்தைப் புகார் செய்த அனுபவம்

"துட்டு ஹோகித்யா?" பெங்களூரில் சைபர் குற்றங்களைப் பார்க்கும் ஒரு காவல் நிலையத்தில் முதலில் கன்னடத்தில் கேட்டது இதைத்தான்: பணம் போயிடுச்சா? பணம் போகவில்லை, போவதற்குள் நிறுத்திவிட்டோம் என்றதும் அந்தக் காவலர் நோட்டை மூடிவிட்டார். "அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" அடுத்த ஆள் ஏமாறுவதற்கு முன்னால் அந்தப் போலி வரித் தளத்தை மூட வேண்டும், அதுதான் கம்ப்ளைன்ட். இதைப் புரியவைக்கவே பாதி நாள் போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அல்சூரில் இருக்கும் என் அத்தை வரி ரிட்டர்ன் போட்டு முடித்த சமயம் அது. "உங்கள் ரீஃபண்ட் தயார், வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்" என்று வருமான வரித் துறை பெயரில் ஒரு மெயில் வந்தது. அதே இணைப்பு எஸ்எம்எஸ்ஸிலும் வந்தது. அத்தை பேன் எண், கணக்கு எண் வரைக்கும் போட்டுவிட்டார். கார்டின் பின்பக்க எண்ணைக் கேட்டதும்தான் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தார். "பணம் குடுக்கறவனுக்கு எதுக்குடா கார்டு பின்னாடி இருக்கற நம்பர்?" சரியான கேள்வி. ரீஃபண்ட் என்பது, வரித் தளத்தில் நாம் முன்பே சரிபார்த்து வைத்திருக்கும் கணக்குக்கு நேராக வந்துவிடும். கார்டு எண், ரகசிய பின் எண், ஓடிபி எதையும் துறை மெயிலில் கேட்பதில்லை.

வங்கி வேலை சட்டென்று முடிந்தது: கார்டை முடக்கி, நெட்பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றினோம்.

போலிப் பக்கத்தை அத்தையின் கைபேசியில் பார்த்தேன். சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசல். முகவரியின் தொடக்கத்தில், இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் எச்டிடிபிஎஸ்கூட இருந்தது. அதை வைத்துத் தளத்தை நம்பிவிடாதீர்கள், அதற்கு வேண்டிய சான்றிதழ் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். முகவரியைப் படிக்கிற விதம் வேறு: எச்டிடிபிஎஸ்ஸையும் இரட்டைச் சாய்கோட்டையும் தாண்டி, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். இதில் இன்கம்டாக்ஸ், கவ், இன் எல்லாம் முன்னால் வரிசையாக நின்றன. சாய்கோட்டை ஒட்டி இருந்ததோ யாரோ வாங்கிய ஒரு பெயரும் டாட் டாப்பும். அசல் என்றால் அந்த இடத்தில் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் இருக்க வேண்டும். (வங்கித் தளங்களுக்கு இப்போது இது சுலபம். 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.) படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்துப் போடச் சொல்லும் கேப்சாவில் வேண்டுமென்றே தப்பான எழுத்துகளைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. மெனுவில் எதைத் தொட்டாலும் அதே பக்கத்துக்கே திரும்பி வந்தது.

நிலையத்தில் காவலர் ஒருவழியாக மேசைக் கணினியில் அந்த இணைப்பைத் திறந்தார். வந்தது உண்மையான வரித் தளம். "சரியாத்தானே இருக்கு?" என்றார். உடனே அத்தையின் கைபேசியில் அதே இணைப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன், போலிப் பக்கம். இந்தக் கும்பல்களின் வேலையே இதுதான். வருவது கைபேசியா கணினியா, எந்த நாட்டிலிருந்து என்று பார்த்து, தங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் போலியைக் காட்டுவார்கள். மற்றவர்களை அசல் தளத்துக்கே தள்ளிவிடுவார்கள். சோதிக்க வருகிறவர்கள் கணினியில்தான் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். காவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போர்ட்டல்ல போடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

பணம் போயிருந்தால் எதற்கும் காத்திருக்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். போகவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில், சந்தேகத்துக்குரிய இணையதளம், மெயில், போன் எண் ஆகியவற்றைத் தெரிவிக்கத் தனிப் பகுதி உண்டு. முழுப் புகாராகப் போடுவதென்றால் விவரத்தை முதலிலேயே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விவரப் பெட்டிக்குக் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், சாய்கோடு மாதிரிக் குறிகள் ஆகாது. முகவரியைப் போட வேறு கட்டம் இருக்கிறது.

மெயிலை வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்ற முகவரிக்கு அனுப்பி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் ஒரு நகல் போட வேண்டும். சும்மா ஃபார்வர்டு செய்தால் போதாது, ஸ்கிரீன்ஷாட்டும் போதாது. மெயில் எந்த சர்வர் வழியாக வந்தது என்பது, மெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஹெட்டர் என்ற பகுதியில்தான் இருக்கிறது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போய், கோப்பாக இறக்கி இணையுங்கள். எஸ்எம்எஸ்ஸைப் புகார் செய்ய, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது.

தளத்தை உண்மையில் மூடவைத்தது வேறு வழி. இணையதளப் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் முகவரியைப் போட்டால், அந்தப் பெயரை விற்ற நிறுவனமும், புகாருக்கான அதன் மெயில் முகவரியும் கிடைக்கும். எழுதினேன். "நாங்கள் பார்த்தவரை தவறாக எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. அவர்களும் கணினியில்தான் திறந்திருக்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்த முறை, கைபேசியில் இணைப்பைத் தொடுவதிலிருந்து கார்டு எண் கேட்கும் பக்கம் வரைக்கும், முகவரிப் பட்டை தெரியும்படி திரையைப் பதிவுசெய்து அனுப்பினேன். இந்திய மொபைல் இணைப்பில் மட்டும் தெரிகிறது என்று முதல் வரியிலேயே எழுதினேன். மறுநாள் காலை அந்தப் பெயரையே முடக்கிவிட்டார்கள். ஆபத்தான தளங்களை எச்சரிக்கும் கூகுள் சேஃப் பிரவுசிங்கிலும் தெரிவித்திருந்தேன். அதற்குள் குரோமில் சிவப்பு எச்சரிக்கை வர ஆரம்பித்திருந்தது. அத்தைக்கு அதைக் காட்டியபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆகவே முதலில் வீடியோ எடுங்கள், அப்புறம் படியேறுங்கள். அந்த வீடியோ கையில் இருந்திருந்தால் நிலையத்திலும் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

அத்தையின் பேன் எண்ணும் கணக்கு எண்ணும் அவர்கள் கைக்குப் போய்விட்டன. பேன் எண்ணை வைத்து யாராவது கடன் வாங்கினால் கடன் அறிக்கையில் தெரியும். இந்த அறிக்கையைத் தரும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். முதல் அறிக்கை வந்துவிட்டது, அதில் அத்தை வாங்காத கடன் எதுவும் இல்லை.