கணையத்தில் போட்ட தையல்

கணையப் புற்றுநோய்க்கு, கணையத்தின் தலைப்பகுதியை எடுத்துவிடும் விப்பிள் ஆபரேஷன் முடித்து வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "நல்லபடியா முடிஞ்சதுங்களா டாக்டர்?" முடிந்தது. ஆனால் எங்கள் கவலை அப்போதுதான் ஆரம்பம். மீதிக் கணையத்தைச் சிறுகுடலோடு சேர்த்த தையல் கசிந்தால் செரிமான நீர் வயிற்றுக்குள் கொட்டும். சீழ் பிடிக்கும், சில சமயம் பக்கத்து ரத்தக்குழாயையே அரித்துவிடும்.

யாருக்குக் கசியும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். நோயாளியைப் பாதிக்கும் அளவுக்கான கசிவை ஃபிஸ்டுலா என்போம். அதன் ஆபத்தைக் கணிக்க 2013-இல் வந்த ஃபிஸ்டுலா ரிஸ்க் ஸ்கோருக்கு மொத்தம் 10 மார்க்; மார்க் கூடக் கூட ஆபத்தும் கூடும். கணையம் மெத்தென்று இருந்தால் 2, ஆபரேஷனில் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் 3, கணையக் குழாய் 1 மில்லிமீட்டரோ அதற்கும் கீழோ என்றால் 4. மீதி 1, கட்டியின் வகைக்கு. வேடிக்கை என்னவென்றால், கணையத்தில் வழக்கமாக வரும் புற்றுநோய்க்கு அந்த 1 கிடையாது. கட்டி அடைத்ததால் பெரும்பாலும் குழாய் விரிந்து, கணையம் இறுகிப்போயிருக்கும்; தையல் நன்றாகப் பிடிக்கும். மெத்தென்ற கணையமோ வெண்ணெய் மாதிரி, முடிச்சை இறுக்கினாலே கிழியும்.

ஸ்கோர் எவ்வளவு வந்தாலும் நான் அதிகம் நம்புவது, வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயைத்தான். முதல் நாளே அதில் வரும் நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதி) குறைவாக இருந்தால் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். 3-ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ, ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் கசிவுதான். ஆனால் நோயாளிக்கு அதனால் தொந்தரவு இல்லையென்றால், சர்வதேச நிபுணர் குழுவின் 2016 வரையறைப்படி அது ஃபிஸ்டுலா ஆகாது.

அப்புறம், நைட் டியூட்டி பார்க்கும் தம்பி தங்கைகளே, குழாயில் துளி ரத்தம் எட்டிப் பார்த்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே எழுப்புங்கள், திட்ட மாட்டேன்.