அப்பமாவுக்குள் ஒரு போக்குவரத்து

அம்மம்மா அப்பத்துக்கு மா கரைக்கும்போது பனங்கள்ளு கொஞ்சம் விடுவா, விடிய மூடியைத் திறந்தால் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழி. கள்ளிலிருந்து வந்து மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தின் (ஈஸ்டின்) ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நடக்கிற வேலையை வாசிக்க வாசிக்க எனக்கு ஆசை தீரவில்லை.

கலத்தின் சவ்வுகளில் இருக்கவேண்டிய மென்சவ்வுப் புரதங்கள் அகமுதலுருச் சிறுவலை என்ற மடிப்புச் சவ்வுத் தொகுதியில் உருவாகி, புடகங்கள் என்ற சின்னப் பைகளில் ஏறிக் கொல்கி என்ற தரம்பிரிக்கும் நிலையத்துக்குப் போகின்றன. அங்கேதான் பிரிப்பு: சிலது கலத்தின் வெளியுறையான கலமென்சவ்வுக்கு, சிலது பொருள்களைச் சிதைக்கும் பையான புன்வெற்றிடத்துக்கு. கப்1 என்ற புரதத்தைப் பாருங்கள். அமினோ அமிலங்களை உள்ளே எடுப்பதுதான் அதன் வேலை. நல்ல நைதரசன் இல்லாதபோது அது கலமென்சவ்வில் நிற்கும், தாராளமாகக் கிடைத்துவிட்டால் கலம் அதில் யுபிகுயிட்டின் என்ற சின்னப் புரதத்தை அடையாளமாக ஒட்டிப் புன்வெற்றிடத்துக்கு அனுப்பிச் சிதைத்துவிடும். எவ்வளவு கச்சிதம்!

இந்தப் பாதையைப் பிடித்தது அமெரிக்க உயிரியலாளர் ரண்டி ஷெக்மனின் குழு. 25 பாகை செல்சியசில் ஒழுங்காக வளர்ந்து, 37 பாகையில் புரதங்கள் வெளியேறாமல் உள்ளேயே தேங்கிப்போகிற விகாரிகளை, அதாவது மரபணு மாறிய மதுவக் கலங்களைத் தேடினார்கள், 1980இல் 23 மரபணுக்கள் கைக்கு வந்தன. 2013இல் ஷெக்மனுக்கு நோபல் பரிசு.

சரி, மா பொங்கிவிட்டது. தாச்சியை அடுப்பில் வைக்கிறா.