உயரமான பெண்கள் அடுக்கடுக்காக உடுத்த: தைத்துப் பார்த்ததில் தெரிந்தது

என் உயரம் 5 அடி 10 அங்குலம். குர்த்திக்கு மேல் கோட், டீசர்ட்டுக்கு மேல் சட்டை என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆசை அதிகம். கோவையின் மார்கழி, தை மாதக் காலைகளும், வருஷம் முழுக்க நடுங்க வைக்கும் ஆபீஸ் ஏசியும் அதற்குத் தோதாகவே இருக்கின்றன. ஆனால் கடையில் வாங்கியதை அப்படியே அடுக்கினால் எனக்கு அமைவதில்லை. அதனால் வாங்கியதைப் பிரித்தும், புதிதாக வெட்டியும் வீட்டு மெஷினில் தைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

உயரமானவர்களுக்குக் கிடைக்கும் யோசனை முக்கால்வாசி உயரத்தைக் குறைத்துக் காட்டுவது பற்றித்தான் இருக்கும். அகலமான பெல்ட் போடு, குறுக்குக் கோடு போடு, இரண்டு கலராக உடம்பைப் பிரித்துக் காட்டு என்பார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நீளமான உடம்பில்தான் இரண்டு மூன்று ஓரங்கள் தனித்தனியாகத் தெரிய இடம் இருக்கிறது. கிடைத்த இடத்தை ஏன் மறைக்க வேண்டும்?

வேலையை இன்ச் டேப்பிலிருந்து தொடங்கினேன். தோளிலிருந்து இடுப்பெலும்பு எனக்கு 22 அங்குலம், முட்டி 38, கணுக்கால் 53. இதை ஒரு அட்டையில் எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். 46 அங்குலக் குர்த்தி 5 அடி 2 அங்குலம் உள்ள என் தங்கைக்குக் கணுக்காலை நெருங்கிவிடும். எனக்குக் கெண்டைக்கால் நடுவில் நின்றுவிடும். கடைக்காரர் சொல்லும் ‘லாங்’, ‘ஷார்ட்’ எதையும் இப்போது நான் கேட்பதில்லை. துணியின் நீளத்தை அளந்து, அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

இருப்பதிலேயே முக்கியமாக நான் நினைப்பது ஓரங்களுக்கு நடுவில் உள்ள தூரம். 36 அங்குலக் குர்த்தியின் மேல் 39 அங்குலத்தில் கையில்லாத கோட் போட்டுப் பார்த்தேன். மூன்று அங்குல வித்தியாசம் கண்ணுக்கு ஒரு அமைப்பாகவே தெரியவில்லை. இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டியவை, ஏதோ அளவு பிசகிவிட்டது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அதே குர்த்தியின் மேல் 50 அங்குலக் கோட் போட்டதும் ஆளே மாறிவிட்டது. நடக்கும்போது கோட் விரிந்து, உள்ளே குர்த்தியின் ஓரம் முட்டிக்கு மேல் தெளிவாகத் தெரிகிறது. தலைகீழாகவும் செய்து பார்த்தேன்: 44 அங்குலக் குர்த்தியின் மேல் இடுப்பெலும்புக்குச் சற்று மேலேயே முடியும் 20 அங்குலக் குட்டைக் கோட். அதுவும் அழகாக நின்றது. இரண்டு ஓரங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு சாண் என்பதுதான் இப்போது என் கணக்கு.

நீளத்தைக் கூட்டுவதோடு வேலை முடிவதில்லை. எங்கள் தெருவில் தைக்கும் அக்கா என் முதல் கோட்டைப் போட வைத்துச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீளம் மட்டும் கூட்டுனாப் பத்தாது கண்ணு. இடுப்பையும் கீழ எறக்கோணும்.” அவ்வளவும் உண்மை. ரெடிமேடில் இடுப்பு வளைவு எனக்கு விலா எலும்பின் மேல் வந்து உட்காரும், ஸ்லிட்டும் இடுப்பெலும்புக்கு மேலேயே திறந்துகொள்ளும். ஒற்றை உடையாகப் போட்டால் ஒருவாறு சமாளிக்கலாம். இரண்டு உடையை அடுக்கும்போது இரண்டு தப்பான இடுப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து அங்கே துணி பொம்மிக்கொள்ளும். இப்போது வளைவை ஒன்றரை அங்குலம் இறக்கித்தான் வெட்டுகிறேன். ஸ்லிட் விஷயத்தில், வெளி உடையின் ஸ்லிட் உள் உடையின் ஸ்லிட்டுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ தொடங்க வேண்டும். வெளியே இருப்பது கீழே தொடங்கினால் உள் துணியை இறுக்கிப் பிடித்து நடையைத் தடுக்கும். அக்குள் வெட்டும் அப்படித்தான். வெளி உடைக்கு முக்கால் அங்குலமாவது ஆழம் கூட்டினால்தான் உள்ளே இருக்கும் கை சுருண்டு ஏறாது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை அம்மாவின் நெகமம் காட்டன் புடவையில் தைத்த நீளக் கோட். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் நெசவு கொஞ்சம் கனமானது, விறைப்பாக நிற்கும், கோட்டுக்கு அருமையான துணி. பல வருஷம் துவைத்த புடவை என்பதால் இனிச் சுருங்கும் என்ற பயமும் இல்லை. வழக்கமாகப் புடவையில் குர்த்தி தைப்பவர்கள் கரை கீழே வரும்படி வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் உடையின் நீளம் புடவையின் அகலத்தைத் தாண்டாது. புடவை அகலம் 46, 47 அங்குலம்தான். எனக்கு வேண்டியது 50. அதனால் புடவையின் நீளவாக்கில் வெட்டி, கரையை முன்பக்கத் திறப்பில் இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை இறக்கினேன். அரக்குக் கரை இரண்டு நேர்கோடாக இறங்குவதைப் பார்க்கையில், இவ்வளவு நீளக் கோட்டை என் உயரத்தில்தானே காட்ட முடியும் என்று பெருமையாக இருந்தது. காட்டனும் காட்டனும் உரசினால் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும் என்பதால், முதுகின் மேல்பாதிக்கு மட்டும் வழுக்கலான லைனிங் கொடுத்தேன். முழுக்கக் கொடுத்தால் நம் வெயிலுக்குத் தாங்காது.

உள்ளே போடும் டீசர்ட்டுக்கு திருப்பூர் காதர்பேட்டை போனேன். உயரமான பெண்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம் அது. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சிய சரக்கில் அந்த நாட்டு ஆட்களின் உயரத்துக்கு வெட்டிய முழுக்கை டீசர்ட்டுகள் கலந்து கிடக்கும். குனிந்து கிளறத்தான் வேண்டும். எனக்குக் கை 24 அங்குலம். இங்கே கடைகளில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் 22. அடுக்குக்கு உள்ளே 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பனியன் துணி போதும். 220 போனால் அக்குளில் திரண்டு நிற்கும், வியர்வையும் காயாது.

கை எட்டாத பழைய குர்த்திகளையும் தூக்கிப் போடவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரே அளவாக வெட்டி மடித்துத் தைத்துவிட்டு, உள்ளே இருக்கும் டீசர்ட்டின் கையை மணிக்கட்டு வரை தெரிய விடுகிறேன். எட்டாத கை, வேண்டுமென்றே வைத்த முக்கால் கையாகிவிடுகிறது. மூன்று அடுக்கு போடும் நாளில் கை வைத்த உடை இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது கையில்லாததாகவே இருக்கட்டும்.

புடவைக்கு உள்ளே காலர் வைத்த சட்டை போடும் யோசனை இன்னும் பாதியில் நிற்கிறது. சட்டையின் நீளம் பாவாடைக்குள் மடிந்து இடுப்பில் தடிக்கிறது. 24 அங்குலத்துக்குக் குறைத்து, கீழே மெல்லிய பட்டி மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன். பாவாடையும் எனக்கு 42 அங்குலம் வேண்டும். கடையில் 40க்கு மேல் கேட்டால் இல்லை என்கிறார்கள், அதனால் பாப்ளின் வாங்கி நனைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.